ஃப்ளாப்பிப் பெட்டி, நனைந்த டிஸ்க், மெதுவான கம்ப்யூட்டர்: சேமிப்புச் சாதனங்கள் பற்றி ஒரு மாணவருக்குப் பதில்

கேள்வி, சுருக்கமாக: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து டிப்ளமோ முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்கிறார். செமினாருக்கு 'சேமிப்புச் சாதனங்களும் மாறும் தொழில்நுட்பமும்' என்று தலைப்பு. புத்தகத்தில் இருப்பதை அப்படியே வாசிக்க மனமில்லை. வீட்டு டெஸ்க்டாப் (4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்) ஆன் ஆகவே ஐந்து நிமிடம் ஆகிறது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) போட்டால் சரியாகுமா? அப்பாவின் டிடிபி கடையில் ஒரு பெட்டி நிறைய ஃப்ளாப்பியும் சிடியும் கிடக்கின்றன. அவற்றில் உள்ள பழைய மேட்டர்களை (அச்சுக்காக அடித்து வைத்தவற்றை) எடுக்க முடியுமா? ஃபெஞ்சல் புயல் மழையில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது ஒரு ஹார்ட் டிஸ்க் நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள். மாட்டிப் பார்க்கலாமா?

பதில்:

கடைசியாகக் கேட்டதுதான் அவசரமானது. அதை முதலில் முடித்துவிடுவோம். அந்த ஹார்ட் டிஸ்க்கை மாட்டாதீர்கள். 'ஓடுதான்னு ஒரே ஒரு தடவை பாத்துடலாம்' என்கிற அந்த ஒரு தடவையில்தான் நனைந்த டிஸ்க்குகள் போகின்றன.

ஹார்ட் டிஸ்க் காற்றே புகாத பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். மூடியை உற்றுப் பாருங்கள். ஒரு சிறிய துளையும் பக்கத்தில் 'இதை மூடாதே' என்ற எச்சரிக்கையும் இருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த துளை அது. உள்பக்கம் ஒரு வடிகட்டி உண்டு. அது தூசியைத் தடுக்கும், வெள்ளத்தைத் தடுக்காது. ஹீலியம் நிரப்பி வரும் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகளுக்கு மட்டும்தான் இந்தத் துளை கிடையாது. ஆகவே தென்பெண்ணைத் தண்ணீரில் மூழ்கிய டிஸ்க்குக்குள் தண்ணீரோடு வண்டலும் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காயவைத்ததில் தண்ணீர் போயிருக்கும். வண்டலும் உப்பும் தட்டின்மேல் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

இது ஏன் ஆபத்து என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 3.5 அங்குல டிஸ்க்கில் சுழலும் தட்டின் விட்டம் ஏறத்தாழ 95 மிமீ. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120. அப்படியானால் தட்டின் விளிம்பு மணிக்குச் சுமார் 129 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் படிக்கும் தலை சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. 5 நானோமீட்டர் என்று கொள்வோம். ஆற்று வண்டலின் பொடித் துகளே 2,000 நானோமீட்டருக்குக் குறையாது. அந்த 5 நானோமீட்டர் இடைவெளியை 1 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினால், வண்டல் துகள் 40 சென்டிமீட்டர் பாறையாக நிற்கும். தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் 129 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதில் மோதினால் என்ன ஆகும்? தலை மட்டும் உடைவதில்லை. தட்டின் காந்தப் பூச்சையும் சுரண்டிக்கொண்டு போகும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்த தரவை எந்த லேபும் மீட்டுத் தர முடியாது.

இன்னொன்று. அடியில் இருக்கும் பச்சை போர்டை அதே மாடல் டிஸ்க்கிலிருந்து கழற்றி மாற்றினால் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய டிஸ்க்குகளில் அது நடந்திருக்கலாம். இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியான அளவீட்டுத் தகவல் அந்த போர்டில் உள்ள ஒரு சின்ன ரோம் சிப்பில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிப்பையும் பெயர்த்து மாற்றிச் சூடு வைத்துப் பொருத்தாமல் போர்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் தன்னையே அடையாளம் கண்டுகொள்ளாது. உள்ளிருக்கும் தரவு உண்மையிலேயே தேவை என்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு லேபுக்கு அனுப்புங்கள். 'வெள்ளத்தில் நனைந்தது, காயவைத்தோம், இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை' என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். அந்த மூன்றாவது வரிக்குத்தான் மதிப்பு அதிகம். தரவு தேவையில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடலாம், நடுவழி கிடையாது. அடுத்த முறை நனைந்தால் காயவைக்காமல் ஈரத்தோடு ஜிப் கவரில் போட்டு மூடி அனுப்ப வேண்டும். ஈரமாக இருக்கும் வண்டலைக் கழுவலாம், காய்ந்து இறுகியதைக் கழுவுவது கடினம். அரிசி டப்பாவில் புதைப்பதால் ஒன்றும் ஆகாது, அரிசித் தவிடுதான் உள்ளே போகும்.

சரி, மெதுவான டெஸ்க்டாப்புக்கு வருவோம்.

எஸ்எஸ்டி போடலாமா என்றால், போடலாம்; உங்கள் கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய முதல் நல்ல செலவு அதுதான். ஏன் என்பதையும் கணக்காகப் பாருங்கள், செமினாருக்கு உதவும். 7,200 சுற்று ஓடும் டிஸ்க் ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுக்கிறது. வேண்டிய செக்டர் (தட்டில் தரவு இருக்கும் சின்னத் துண்டு) தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி நொடி. அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 9 மில்லி நொடி. ஆக ஒரு துண்டைத் தேடி எடுக்க 13 மில்லி நொடி. நொடிக்கு 76 துண்டுகளுக்கு மேல் முடியாது. விண்டோஸ் கிளம்பும்போது படிப்பது ஒரே நீளமான ஃபைல் அல்ல. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகள். 20,000 துண்டு என்று வைத்துக்கொண்டால் 260 நொடி, நாலேகால் நிமிடத்துக்கும் மேலே. உங்கள் ஐந்து நிமிடம் எங்கே போகிறது என்று தெரிகிறதா? எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, ஒரு துண்டுக்கு 0.1 மில்லி நொடிதான். அதே 20,000 துண்டு 2 நொடி. பிராசசர் பழையதாக இருந்தாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது இதனால்தான். விளம்பரத்தில் வரும் 'நொடிக்கு 550 எம்பி', '7,000 எம்பி' எல்லாம் பெரிய ஃபைலை நேராகக் காப்பி செய்யும்போது வரும் வேகம். வீட்டு உபயோகத்துக்கு அது பெரிய விஷயமில்லை.

வாங்குவதற்கு முன் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். பட்டியலில் 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளை மட்டும் கவனியுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு அனுப்பிய செக்டர்கள். சி5 என்பது கெட்டதா நல்லதா என்று முடிவாகாமல் காத்திருப்பவை. சி6 என்பது படிக்கவே முடியாதவை. இந்த மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். சி5 கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது என்றால் மெதுவாக இருப்பதற்குக் காரணமே அதுதான்: ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க டிஸ்க் திணறுகிறது. அன்றைக்கே தேவையானதைக் காப்பி எடுத்துவிடுங்கள். சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கின்மேல் பழி போடாதீர்கள். அது பெரும்பாலும் டேட்டா கேபிளின் கோளாறு. கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் கனெக்டர் முனைகள் மங்குவது சகஜம். கேபிளை மாற்றினாலே சரியாகிவிடும்.

உங்கள் டெஸ்க்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா (கேபிளால் மதர்போர்டில் இணைக்கும் வகை) எஸ்எஸ்டிதான் பொருந்தும். எம்.2 என்று சூயிங்கம் பட்டை போல வருவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பழைய மதர்போர்டில் அதற்கு ஸ்லாட்டே இருக்காது. இருந்தாலும் சில ஸ்லாட் சாட்டா வகையை மட்டும் ஏற்கும், அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்காது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போய் உட்காரவும் கூடும், ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கொள்ளளவு 256 ஜிபி போதும். 512 முடிந்தால் நல்லது. மிச்சப் பணத்தில் இன்னொரு 4 ஜிபி ராம் போடுங்கள். எஸ்எஸ்டி மட்டும் போட்டு ராமை விட்டுவிட்டால், பிரவுசரில் பத்து டேப் திறந்ததும் ராமில் இடமில்லாமல் டிஸ்க்கைத்தான் ராமாகப் பயன்படுத்தும்.

மாட்டும் முறை: பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். டேட்டாவுக்கு 7 முனை, பவருக்கு 15 முனை கனெக்டர். இரண்டும் எல் வடிவம், தலைகீழாகப் போகாது, அழுத்தித் திணிக்காதீர்கள். 3.5 அங்குலக் கூட்டில் 2.5 அங்குல எஸ்எஸ்டி ஆடும் என்பதால் ஒரு தகடு வாங்கிப் போடலாம். இனிதான் முக்கியம்: விண்டோஸ் புதிதாகப் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்ஸ்டாலர் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கிலேயே போட்டுவிடும். எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றினால்தான் எஸ்எஸ்டி தனியாகக் கிளம்பாது என்று தெரியவரும். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் திறக்கும் அமைப்புத் திரையில்) சாட்டா மோடு ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றிவிட்டுப் பிறகு இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்த பிறகு மாற்றினால் நீலத் திரை வரும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 உங்கள் வயதான பிராசசரை ஏற்காமல் போகலாம். படிப்புக்கு மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பழகுங்கள், டிப்ளமோவுக்கு அது கூடுதல் லாபம். கடையின் பேஜ்மேக்கர் (பக்கம் வடிவமைக்கும் மென்பொருள்) வேலைக்கு மட்டும் விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கட்டும்.

500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று யாராவது கேட்பார்கள். ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 107,37,41,824 பைட் என்று எண்ணுகிறது. வகுத்துப் பார்த்தால் 465.66 வரும்.

இனி எஸ்எஸ்டியின் மறுபக்கம், கடைக்காரர் சொல்லாதது. அதற்குள் இருப்பது நாண்ட் ஃப்ளாஷ். தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1980களில் உருவாக்கியது. மின்னூட்டத்தை ஒரு சின்னச் சிறையில் அடைத்து வைப்பதுதான் தத்துவம். முதலில் வந்த எஸ்எல்சி வகையில் ஒரு அறையில் ஒரு பிட்: மின்னூட்டம் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். இன்று விலை மலிவாகக் கிடைக்கும் க்யூஎல்சி வகையில் ஒரே அறையில் நான்கு பிட், அதாவது 16 வேறுவேறு அளவுகள். டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், அதே டம்ளரில் 16 கோடு கிழித்து எந்தக் கோடு வரை இருக்கிறது என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். கொஞ்சம் ஆவியானாலும் கோடு மாறிவிடும். அதனால் அறைக்குள் பிட் கூடக்கூட வேகமும் ஆயுளும் குறையும். நடுவில் இருக்கும் டிஎல்சி, மூன்று பிட், எட்டு அளவு, வீட்டுக்குப் போதுமானது.

'எழுதி எழுதித் தேய்ந்துவிடுமாமே' என்ற பயத்தைக் கணக்கு போட்டே தீர்க்கலாம். 500 ஜிபி டிஎல்சி எஸ்எஸ்டிக்கு 300 டிபி (ஒரு டிபி என்பது 1,000 ஜிபி) எழுதலாம் என்று உத்தரவாதம் தருவது வழக்கம். தினம் 20 ஜிபி எழுதினாலும் 15,000 நாள், 41 வருஷம். தேய்ந்து சாவதற்கு முன் கம்ப்யூட்டரே போய்விடும். எஸ்எஸ்டி சாவது வேறு விதத்தில்: ஒருநாள் காலையில் ஆன் செய்தால் பயாஸிலேயே பெயர் வராது. ஹார்ட் டிஸ்க் போல டிக் டிக் சத்தம், இழுவை, முன்னறிவிப்பு எதுவும் இல்லை. எந்தத் தரவு எந்த அறையில் என்ற வரைபடத்தை வைத்திருக்கும் கன்ட்ரோலர் போனாலோ, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் அந்த வரைபடம் குலைந்தாலோ, உள்ளே தரவு இருந்தும் இல்லாதது போலத்தான். புயலுக்கு முன்னும் பின்னும் கரண்ட் போய்வந்துகொண்டே இருக்கும் ஊரில், 600 விஏ யுபிஎஸ் ஒன்று இல்லாமல் டெஸ்க்டாப் எஸ்எஸ்டி வைப்பது வீண் துணிச்சல். முறையாக ஷட் டவுன் செய்ய வேண்டிய சில நிமிடம் கிடைத்தால் போதும்.

இன்னும் இரண்டு. எஸ்எஸ்டியில் ஃபைலை அழித்தால் ட்ரிம் என்ற கட்டளை அந்த அறைகளைக் கையோடு காலிசெய்யச் சொல்லிவிடும், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தபின் மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் பயனில்லை. இரண்டாவது, எஸ்எஸ்டியைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டு வருஷக்கணக்காக மறந்துவிடக் கூடாது. ஜெடெக் என்ற தர அமைப்பு வீட்டு எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் அளவுகோல், எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருஷம் தரவு நிற்க வேண்டும் என்பதுதான். புதிதாக இருந்தால் அதைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் சூடு ஏற ஏற மின்னூட்டம் வேகமாகக் கசியும், மே மாதத்தில் தகரக் கூரைக் கடையின் பீரோவுக்குள் 30 டிகிரியை எதிர்பார்க்க முடியாது. பென் டிரைவும் இதே ஜாதிதான், தரம் இன்னும் குறைவு. பென் டிரைவ் தூக்கிச் செல்ல. பாதுகாத்து வைக்க அல்ல.

பென் டிரைவ் என்றதும் ஒரு எச்சரிக்கை. சில நூறு ரூபாய்க்கு '2 டிபி பென் டிரைவ்' என்று வருவது எல்லாம் போலி. உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்தான் இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி மென்பொருளை மாற்றியிருப்பார்கள். 32 ஜிபி நிரம்பிய பிறகும் 'காப்பி முடிந்தது' என்றே சொல்லும். பழையதன்மேல் எழுதும் அல்லது காற்றில் விடும். திறந்தால்தான் ஃபைல் பாழாகியிருப்பது தெரியும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற மென்பொருள்கள் டிரைவ் முழுதும் எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். புதிதாக எந்த பென் டிரைவ், மெமரி கார்டு வாங்கினாலும் முதல் வேலை அது.

ஃப்ளாப்பிப் பெட்டி. உங்கள் கேள்வியில் எனக்குச் சுவையானது இதுதான்.

முதலில் பிரியுங்கள். 3.5 அங்குலம், கெட்டி பிளாஸ்டிக், உலோகக் கதவு உள்ளவை ஒரு பக்கம். 5.25 அங்குலம், வளையும் உறை உள்ளவை இன்னொரு பக்கம். கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் 3.5 அங்குலத்தை மட்டும்தான் படிக்கும். 5.25க்குப் பழைய டிரைவும் அதை ஏற்கும் பழைய மதர்போர்டும் வேண்டும். அவற்றைத் தனியாகக் கட்டி வையுங்கள், தூக்கிப் போட வேண்டாம்.

3.5 அங்குல ஃப்ளாப்பி ஒன்றைக் கையில் எடுத்துக் கதவை ஒதுக்கிப் பாருங்கள். பின்பக்க உலோகக் குமிழைச் சுற்றிக்கொண்டே காந்தத் தகட்டைச் சாய்வான வெளிச்சத்தில் கவனியுங்கள். பழுப்பு கலந்த கறுப்பில் சீராகப் பளபளத்தால் நல்லது. வெள்ளைப் புள்ளியோ மூட்டமோ தெரிந்தால் அது பூஞ்சை. டிரைவில் போடவே கூடாது. ஹார்ட் டிஸ்க்கில் தலை மிதக்கிறது, ஃப்ளாப்பியில் தலை தகட்டைத் தொட்டு உரசிக்கொண்டே நிமிடத்துக்கு 300 சுற்று ஓடும். ஒரு பூஞ்சை ஃப்ளாப்பி தலையை அழுக்காக்கும். அந்தத் தலை அடுத்து வரும் நல்ல ஃப்ளாப்பிகளையெல்லாம் கீறும். கடலூர் ஈரப்பதத்தில் பெட்டியில் பாதி இப்படி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நல்லவற்றின் மூலையில் உள்ள சின்ன நகரும் தடுப்பைத் தள்ளித் துளையைத் திறந்து வையுங்கள். துளை திறந்திருந்தால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான். பிறகு போடுங்கள். 'ஃபார்மட் செய்ய வேண்டுமா?' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபைலைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கி, முழு ஃப்ளாப்பியையும் அப்படியே இமேஜாக, அதாவது ஒரே ஃபைலாக, எடுங்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே இருக்கிறது: படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு, அடம்பிடிக்கும் செக்டர்களுக்குப் பிறகு திரும்பி வரும். ஒரு டிரைவில் படிக்காதது இன்னொரு டிரைவில் படிக்கும், ஏனென்றால் தலை நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவ் இம்மி மாறும்.

சிடிக்கும் இதே வழிதான். சிடியைத் துடைப்பது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும். பலரும் பளபளக்கும் பக்கத்தைக் காக்கிறார்கள். உண்மையில் சிடியில் தரவு இருப்பது லேபிள் பக்கத்துக்குச் சற்றே கீழே, மெல்லிய வார்னிஷுக்கு அடியில். அடிப்பக்கம் 1.2 மிமீ பிளாஸ்டிக், அங்கே கீறினால் பாலிஷ் போடலாம். மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தாலோ ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ வெள்ளிப் பூச்சோடு தரவும் போய்விடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசித் துளை போல ஒளி தெரிந்தால் அந்த இடம் போனது. டிவிடியில் தரவு இரண்டு 0.6 மிமீ தட்டுகளுக்கு நடுவில் இருப்பதால் இந்த விஷயத்தில் அது கெட்டி.

ஃபைல் கிடைத்துவிட்டது. பேஜ்மேக்கர் ஃபைல். திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்து இருக்கும் எண்ணிலேயே தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எம் இடத்தில் அ, கே இடத்தில் ம, அரைப்புள்ளி இடத்தில் புள்ளி, எச் இடத்தில் துணைக்கால் என்று எழுத்துரு திரையில் வேஷம் போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். பாமினி, வானவில், ஸ்ரீலிபி ஒவ்வொன்றுக்கும் வேறு வேஷம். ஆகவே ஃப்ளாப்பியில் மேட்டர் ஃபைலோடு எழுத்துரு ஃபைலும் இருக்கிறதா என்று தேடுங்கள், எந்த எழுத்துருவில் அடித்தது என்று அப்பாவிடம் கேளுங்கள். தெரிந்தால், உரையை மட்டும் டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுமதி செய்து, அந்த எழுத்துருவுக்கான யூனிகோடு (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் முறை) மாற்றியில் ஒட்டினால் ஒரு நொடியில் தமிழ் வந்துவிடும். பக்க வடிவமைப்பு வேண்டும் என்றால், அந்த எழுத்துருவை நிறுவிய கம்ப்யூட்டரில் பேஜ்மேக்கரிலேயே திறந்து பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, வெளிவந்தது 2001இல். அது ஓடும் கம்ப்யூட்டர்கள் குறைந்துகொண்டே போகின்றன, இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது? மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். வேறு ஊர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2011 டிசம்பரில் தானே புயல், 2015 பெருமழை, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று எதை எடுத்தாலும் கடையும் வீடும் ஒன்றாகவே நனையக்கூடிய ஊர் இது. ஒரு ஹார்ட் டிஸ்க் பிரதியை நெய்வேலியிலோ விழுப்புரத்திலோ இருக்கும் உறவினர் வீட்டு மாடியில், சிலிக்கா ஜெல் பை போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள், பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து ஓட்டிப் பாருங்கள். டிடிபி மேட்டர்கள் சில நூறு எம்பிதான் வரும், அதைக் கூகுள் தரும் 15 ஜிபியிலேயே ஏற்றிவிடலாம். வீடியோக்களை ஏற்ற நினைத்தால் கணக்கு பாருங்கள்: 100 ஜிபியை 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்) அப்லோடில் ஏற்ற 40,000 நொடி, பதினொரு மணி நேரம்.

கடைசியாக செமினார். காலவரிசையில் '1956 ஐபிஎம் ராமாக் ஹார்ட் டிஸ்க், 1971 ஃப்ளாப்பி, 1982 சிடி' என்று ஒப்பித்தால் பின் பெஞ்சு தூங்கிவிடும். 'பழையது செத்தது, புதியது வந்தது' என்பதும் சரியான சித்திரமல்ல. 1950களின் காந்த நாடா இன்றும் உயிரோடு இருக்கிறது: எல்டிஓ-9 என்ற வகை நாடா ஒன்றில் 18 டிபி பிடிக்கும், பெரிய நிறுவனங்கள் காப்புப் பிரதிக்கு அதைத்தான் நம்புகின்றன. எது எப்படிச் சாகிறது என்ற வரிசையில் பேசுங்கள். ஹார்ட் டிஸ்க் உரசிச் சாகும், சொல்லிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி சொல்லாமல் சாகும். சிடி வெளிச்சத்திலும் ஈரத்திலும் மங்கும். ஃப்ளாப்பியில் பூஞ்சை பூக்கும். ஃபைல் சாகாமலே எழுத்துரு சாகும்.

பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. புதுச்சேரி செயிண்ட் லூயி வீதியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு இந்திய ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தது. ஓலையைப் படிக்க டிரைவ் வேண்டாம், கண் போதும். ஆனால் இந்தத் தட்பவெப்பத்தில் ஓலையும் சில நூறு ஆண்டுதான். பூச்சி அரிக்கும் முன் புது ஓலையில் பெயர்த்து எழுதியதால்தான் பழைய நூல்கள் நம் கைக்கு வந்தன. நீங்கள் ஃப்ளாப்பியிலிருந்து எடுத்து வைக்கப் போவதும் அதே வேலைதான்.

மேடையில் செய்துகாட்ட ஒன்று சொல்கிறேன், பென் டிரைவும் நோட்பேடும் போதும். 'கடலூர்' என்று யூனிகோடில் அடித்து, யுடிஎஃப்-8 ஆகப் பென் டிரைவில் சேமித்து, ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். அளவு 18 பைட் என்று காட்டும்: க, ட, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என ஆறு குறிகள், யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். அதற்குக் கீழே 'டிஸ்க்கில் பிடிக்கும் அளவு' 16 கேபியோ 32 கேபியோ என்று இருக்கும், ஏனென்றால் பென் டிரைவ் சில்லறையாக இடம் தராது, க்ளஸ்டர் என்ற மொத்தத் துண்டுக் கணக்கில்தான் தரும். அப்புறம் ஒரு ஃப்ளாப்பியைத் தூக்கிக் காட்டுங்கள். 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட், பெருக்கினால் 14,74,560. அதை 18ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 81,920 'கடலூர்'. யாராவது கெட்டிக்காரர் எழுந்து, 'ஃபார்மட் செய்தால் அவ்வளவு இடம் இருக்காதே' என்று கேட்டால் கேள்வி சரிதான்: பூட் செக்டர், எந்த ஃபைல் எங்கே என்று குறிக்கும் இரண்டு எஃப்ஏடி அட்டவணை, முதன்மை டைரக்டரி எல்லாம் சேர்ந்து 33 செக்டரை எடுத்துக்கொள்ளும், கைக்கு வருவது 14,57,664 பைட்.